ராஜரத்தினம் புதுப்பித்த ராஜ்ஜியம்

"சொல்லுங்கப்பா, எப்படி இருக்கு?" என்று ராஜரத்தினம் மறுபடியும் கேட்டார்.

தரையில் விரித்திருந்த புதுத் துணியை மூன்று பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டிரசராக வேலை பார்த்த மருதமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கருவூலத்தில் கிளார்க்காக இருந்த பொன்னுதுரை தொண்டையைச் செருமினார். தையற்கடை கருணாகரன் துணியின் ஓரத்தைத் திருப்பி, மடிப்புத் தையல் எப்படி இருக்கிறது என்று பார்த்தார். முகத்தைத் தூக்காமல் இருக்க அவருக்கு அது ஒரு வழி.

"கடல் ரொம்ப நீலமா இருக்கே ராஜா," என்றார் மருதமுத்து கடைசியில்.

"கடல் நீலமாத்தானே இருக்கும்?"

"நம்ம மலாக்கா கடல் சேத்து நிறம்லா."

ராஜரத்தினத்தின் முகம் விழுந்துவிட்டது.

காஜா பேராங் சாலையில், கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்குத் திரும்பும் முனையில் ஒரு வாசகசாலை இருந்தது. முன்னறையில் பத்திரிகை படிப்பார்கள். பின்னறையில் சனிக்கிழமை சாயங்காலம் இந்த நாலு பேரும் கூடுவார்கள். அங்கே அவர்கள் ஆடியது தாயமும் இல்லை, சீட்டும் இல்லை. 'ராஜ்ஜியம்' என்று ஒரு ஆட்டம்.

ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடம் மூடிக்கிடந்தபோது, சேதுராமன் என்ற வாத்தியார் பொழுது போகாமல் பழைய பாய்மரத் துணி ஒன்றில் வரைந்த ஆட்டம் அது. கடலில் தொடங்கி, ஆற்றுப்பாலம், சுங்கச்சாவடி, சிறைச்சாலை, காடு என்று வளைந்து வளைந்து போகும் கட்டங்கள் அரண்மனையில் போய் முடியும். சோழியை உருட்டிக் காயை நகர்த்தவேண்டும். ஆனால் வெறுமனே நகர்த்தினால் போதாது. ஆளுக்கு ஒரு வேஷம் உண்டு. உட்கார்ந்தது முதல் எழுந்திருக்கும்வரை அந்த ஆளாகவே பேசவேண்டும், மிரட்டவேண்டும், கெஞ்சவேண்டும். முதலில் அரண்மனைக்குள் போகிறவருக்கு அறையில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலி. மற்றவர்கள் எழுந்து நின்று 'மகாராஜா வாழ்க' என்று சொல்லவேண்டும். சண்டை முடிந்து வாத்தியார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது துணியை வாசகசாலையிலேயே விட்டுப் போனார்.

வாரம் முழுக்கப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் மருதமுத்து, சனிக்கிழமையில் கடற்கொள்ளைக்காரர். மேலதிகாரி வந்தால் நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிடும் பொன்னுதுரை, சூழ்ச்சிக்கார மந்திரி. கருணாகரன் மந்திரவாதி. ராஜரத்தினம் நாட்டைப் பறிகொடுத்த இளவரசர். பறிகொடுத்த நாட்டை அவர் பெரும்பாலும் அன்று சாயங்காலமே மீட்டுவிடுவார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற தன் கண்ணுக்கு, எந்த நிலத்தில் எப்படிப் போகவேண்டும் என்பது தானாகவே புலப்பட்டுவிடுகிறது என்பது அவருடைய எண்ணம்.

அது மெர்டேக்கா வருஷம், நாடு சுதந்திரம் பெறும் வருஷம். ஆகஸ்டு மாதத்தை எதிர்பார்த்து ஊரெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். விளக்குக் கம்பத்துக்குக்கூடச் சாயம் பூசினார்கள். நாடே புதுசாகும்போது ராஜ்ஜியம் மட்டும் எலி கடித்துக் கிடப்பதா என்று ராஜரத்தினத்துக்குத் தோன்றிவிட்டது. பழைய துணியில் ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை. சுங்கச்சாவடியின் மேல் பெரிய காப்பிக் கறை. அரண்மனைக்கு முன்னால் கிழிந்த இடத்தில் கருணாகரன் போட்ட ஒட்டு. யாருக்கும் சொல்லாமல் நல்ல கித்தான் வாங்கி, வேலை முடிந்து வந்து தினமும் வீட்டுக்கூடத்தில் மண்டியிட்டு, அளவுகோலும் கவராயமும் வைத்து, எனாமல் சாயத்தில் அவர் ராஜ்ஜியத்தை முழுசாகத் திரும்ப வரைந்திருந்தார். ஒவ்வொரு இடத்துக்கும் கறுப்பு எழுத்தில் பெயரும் எழுதியிருந்தார்.

அதைத்தான் இப்போது மூன்று பேரும் இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அரண்மனை..." என்று இழுத்தார் கருணாகரன்.

"அரண்மனைக்கு என்ன?"

"நல்லாத்தான் இருக்குண்ணே. சர்வே ஆபீசு மாதிரி இருக்கு."

"ஐசே, ஆடிப் பாப்பம்," என்றார் பொன்னுதுரை. "ஆடினாத்தானே விளங்கும்."

ஆடினார்கள். எனாமல் பளபளப்பில் சோழி நிற்கவில்லை, சறுக்கிக்கொண்டு கதவுவரை போனது. கட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் நேராக இருந்ததால் யார் எங்கே நிற்கிறார் என்பதில் தகராறே வரவில்லை. தகராறு இல்லாததால் கொள்ளைக்காரருக்கு மிரட்டுவதற்கு ஒன்றுமில்லை, மந்திரிக்குச் சூழ்ச்சி செய்ய ஒன்றுமில்லை. பேச்சு குறைந்து, நாலு பேரும் சும்மா சோழி உருட்டினார்கள். கடைசியில் மருதமுத்து ஜெயித்துவிட்டார்.

ஜெயித்தவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. பல் பிடுங்கப் போகிறவர்போல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மகாராஜா வாழ்க," என்றார் ராஜரத்தினம்.

"மன்னிச்சுக்க ராஜா," என்றார் மருதமுத்து.

வாசலில் குவே பலகாரம் விற்கும் மீனாச்சி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் மலாக்காவில் பல தலைமுறை கண்ட கம்போங் செட்டிக்காரி. தமிழில் சாமி பெயரும் சில சாப்பாட்டுப் பெயரும்தான் வரும், பேச்செல்லாம் மலாய். ஆட்டம் முடிந்ததும் தட்டு காலியாகிவிடும் வழக்கம். அன்று யாரும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த ராஜரத்தினம் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, நல்லா இல்லைன்னுட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி சிவகாமசுந்தரி.

"நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஆனா சொல்ற விதம் நல்லா இல்ல."

"கலர் கண்ணக் கூசுது, அதான். நான் அன்னைக்கே சொன்னேன்."

வீட்டிலிருந்தும் அதே பேச்சு வந்ததும் ராஜரத்தினம் யோசித்தார். சாயத்தை மங்கலாக்க என்ன வழி? தேத்தண்ணியில் ஊறவைத்தால் வெள்ளைத் துணி பழுப்பாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மறுநாள் முனைக் கடைக்குப் போய் ஒரு வாளி தேத்தண்ணி வேண்டும் என்றார். எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை. விசேஷம் என்று நினைத்திருப்பார். பழக்கத்தில் சீனியும் போட்டுவிட்டார்.

துணி நன்றாகவே மங்கியது. ஆனால் அடுத்த சனிக்கிழமை விரித்து ஆட்டம் பாதி போவதற்குள், எறும்புகள் கடல் வழியாக வந்து இறங்கின. பாலத்தைத் தாண்டி, காட்டைக் கடந்து அரண்மனைவரை ஒழுங்காக வரிசை போட்டன. சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மந்திரி, வசனம் பேசிக்கொண்டிருந்தபோதே துள்ளி எழுந்து வேட்டியை உதறினார்.

"இளவரசே, உம்முடைய படை வந்திட்டுது," என்றார் வலியோடு.

அந்த நிலையிலும் அன்று பொன்னுதுரைதான் ஜெயித்தார். ஜெயித்தவர் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். எறும்பு கடித்த இடம் அப்படி என்றார்.

"பழைய துணி என்னண்ணே ஆச்சு?" என்று கருணாகரன் மெதுவாகக் கேட்டார்.

"வீட்லதான் இருக்கும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

ராஜரத்தினம் அந்தப் பார்வையைப் புரிந்துகொண்டார். மனசு கசந்தது. முதுகு நோக, கண் நோகச் செய்த வேலை. ஆனாலும் சிநேகிதர்கள் முக்கியம். வீட்டுக்கு வந்து கொல்லைப்புறம் போய்ப் பார்த்தார். விறகுக்கு மேலே போட்டிருந்த பழைய துணியைக் காணவில்லை.

"அதுவா, மீன்காரர்கிட்ட குடுத்துட்டேன்," என்றாள் சிவகாமசுந்தரி.

"எந்த மீன்காரர்?"

"உஜோங் பாசிர்லேருந்து சைக்கிள்ல வருவாரே, அவர். பாய்மரத் துணி மாதிரி இருக்குன்னு ஆசையாப் பாத்தாரு. பதிலுக்கு நல்ல மீனாக் குடுத்தாரு. குழம்பு நல்லா இருக்குன்னு நீங்க மறுபடி ஊத்தச் சொல்லிச் சாப்பிட்டீங்களே, அந்த மீனு."

ராஜரத்தினம் சைக்கிளை எடுத்துக்கொண்டு உஜோங் பாசிருக்குப் போனார். மீன்காரர் வீட்டில் இல்லை. கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், அதோ போகிறார் என்று கையைக் காட்டினார். தண்ணீரில் ஒரு சின்னப் படகு போய்க்கொண்டிருந்தது. அதன் பாய் காற்றில் நன்றாக உப்பியிருந்தது. பாயின் நடுவே, சேதுராமன் வாத்தியார் வரைந்த கோணல் அரண்மனை.

ராஜரத்தினம் கரையில் நின்று கையை ஆட்டினார். மீன்காரர் மரியாதைக்குப் பதில் கை ஆட்டிவிட்டு, தூரமாகப் போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

முதலில் மருதமுத்து. ஆஸ்பத்திரி வேலை முடிந்து, வெள்ளை உடுப்போடு நேரே வீட்டுக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். மழை வருமா வராதா என்று பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ராஜா, துணி நல்லாத்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அந்த ஓட்டைய மட்டும் போட்டுடு."

"எந்த ஓட்டை?"

"பாலத்துக்கிட்ட எலி கடிச்சிருந்துச்சே. சோழி அதுல விழுந்தா சாஞ்சு நிக்கும்ல? கவுந்திருக்கா, நிமிந்திருக்கான்னு நான்தானே பாத்துச் சொல்லுவேன்."

"அதுக்குத்தான் அண்ணே ஓட்டை இல்லாமப் போட்டேன். இப்ப யாரும் பாத்துச் சொல்ல வேண்டியதில்ல."

"அதான் சூசாவா, கஷ்டமா இருக்கு," என்றார் மருதமுத்து. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் கேட்டேன்னு மத்தவங்ககிட்ட சொல்லிடாத."

அவர் போனபிறகும் ராஜரத்தினம் வாசலிலேயே நின்றார். இத்தனை காலமாகச் சாய்ந்த சோழிக்குத் தீர்ப்புச் சொன்னவர் மருதமுத்து. அந்தத் தீர்ப்பில்லாமல் அவரால் ஆட முடியவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்து பொன்னுதுரை. பசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ராஜரத்தினத்தின் பக்கத்தில் வந்து, தானும் ஒரு கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ராஜரத்தினம், அந்தக் கோப்பிக் கறை இருந்ததெல்லே?"

"சுங்கச்சாவடிக்கு மேல?"

"ஓம். கறைக்குக் கீழ எந்தக் கட்டம் சுங்கம், எந்தக் கட்டம் சிறை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. மந்திரி நான் சொல்றதுதான் கணக்கு. இப்ப நீர் எழுத்து வேற எழுதி வச்சிட்டீர். எனக்கு ஒரு வேலையும் இல்லை."

"உங்களுக்குக் கறை வேணுமா?"

"கொஞ்சம் ஊத்திவிட்டா நல்லம். நான் சொன்னதெண்டு தெரியப்படாது." கத்தரிக்காயை வைத்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

கருணாகரன்மேல் ராஜரத்தினத்துக்கு நம்பிக்கை இருந்தது. வயதில் சின்னவர், வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவர். மெர்டேக்கா தினத்துக்கு ஒரு புதுச் சட்டை தைக்க அளவு கொடுக்கப்போனபோது, கழுத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்தபடியே கருணாகரன் சொன்னார்:

"அண்ணே, அரண்மனைக்கு முன்னால ஒரு ஒட்டுப் போட்டுக் குடுக்கட்டுமா?"

ராஜரத்தினம் நாடாவைக் கழுத்திலிருந்து விலக்கினார்.

"துணிதான் கிழியலியே."

"கிழிஞ்சாத்தான் ஒட்டா? மந்திரவாதி குகைக்குள்ள போற மாதிரி, காய அந்த ஒட்டுக்கு அடியில விட்டு எடுப்பேன்ல. எந்தக் கட்டத்துல வெளிய வரும்னு எனக்கு மட்டும்தானே தெரியும்." பிறகு கெஞ்சலாக, "அந்த ரெண்டு பேருக்கும் தெரிய வேணாம்ணே," என்றார்.

அன்று ராஜரத்தினம் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"மூணு பேரும் களவாணிங்க," என்றார்.

"யாரு?"

"மருதமுத்தண்ணன், பொன்னுதுரை, கருணாகரன். இத்தன வருஷமா ஓட்டைய வச்சும் கறைய வச்சும் ஏமாத்தியிருக்காங்க. நான் சுத்தமா வரைஞ்சு குடுத்ததும் பொழப்புப் போச்சு. அதான் துணி நல்லா இல்ல."

சிவகாமசுந்தரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டாள்.

என்ன இருந்தாலும் சனிக்கிழமை இல்லாமல் அவரால் இருக்க முடியாது. களவாணியானாலும் அவர்கள்தான் சிநேகிதர்கள். கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். சீனி போக அலசிய துணியை மறுபடி கூடத்தில் விரித்தார்.

ஓட்டை போடுவது எலிக்குச் சுலபம். வரைபடக்காரருக்குச் சுலபம் இல்லை. கன்னாபின்னாவென்று ஓட்டை போட அவருக்குக் கை வரவில்லை. கவராயத்தை வைத்து வட்டம் போட்டு, சின்னக் கத்தரியால் அச்சாக வெட்டி எடுத்தார். காப்பிக் கறைக்கும் அப்படித்தான். முதலில் பென்சிலால் எல்லை போட்டுக்கொண்டு, எல்லை தாண்டாமல் தூரிகையால் காப்பியைப் பூசினார். இந்தத் தடவை சீனி போடாத காப்பி. பிறகு துணியைத் தையற்கடைக்கு எடுத்துப்போனார். கருணாகரன் ஒட்டுப் போட்டார். எனாமல் ஏறிய கித்தானில் ஊசி உடைந்து உடைந்து போனதில், ஒட்டு படியாமல் ஒரு கூடாரம்போல் எழுந்து நின்றது.

சனிக்கிழமை துணியை விரித்ததும் மூன்று பேர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. ஆளுக்கு ஓர் இடத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் மற்ற இரண்டு இடங்களையும் பார்த்தார்கள். வெளிச்சம் போய்விட்டது.

"ஓட்டை எதுக்கு?" என்றார் பொன்னுதுரை.

"கறை எதுக்கு?" என்றார் மருதமுத்து.

கருணாகரன் அவசரமாகச் சோழியை எடுத்து ராஜரத்தினத்திடம் நீட்டினார்.

ராஜரத்தினம் உருட்டிய முதல் சோழியே வட்ட ஓட்டைக்குள் நேராக விழுந்து, பலகைத் தரையின் சந்து வழியாக வாசகசாலைக்கு அடியில் போய்விட்டது. சாய்ந்து நிற்கவில்லை. மருதமுத்து குப்புறப் படுத்து, கண்ணைச் சந்தில் வைத்துப் பார்த்தார்.

"தெரியுதா அண்ணே?"

"நிமிந்துதான் இருக்கும் ராஜா. நீ நகத்திக்க."

"தெரியாமச் சொல்லாதீங்க," என்றார் ராஜரத்தினம் கண்டிப்பாக. வேறு சோழி எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து மந்திரி கறைக்கு வந்தார். "இது சிறை. நான் சிறையில விழுந்திட்டன்," என்று அறிவித்தார்.

"எழுத்து தெரியுதே," என்றார் கருணாகரன். எனாமலில் எழுதிய 'சுங்கச்சாவடி' காப்பிக்கு மேலேயும் பளிச்சென்று தெரிந்தது. "சிறை ரெண்டு கட்டம் தள்ளியில்ல இருக்கு? மந்திரி ஏன் அவசரப்படுறாரு?"

"அது என்ரை விஷயம்."

"அப்ப நான் குகைக்குள்ள போறது என் விஷயம்," என்று கருணாகரன் மந்திரவாதிக் காயை ஒட்டுக்குள் நுழைத்தார். நுழைத்தவரால் எடுக்க முடியவில்லை. இழுத்த இழுப்பில், பக்கத்தில் நின்ற இளவரசர் காயும் கூடாரத்துக்குள் சரிந்துவிட்டது. பொன்னுதுரை ஒரு முனையைப் பிடித்தார், மருதமுத்து மறுமுனையைப் பிடித்தார். நல்ல நோக்கம்தான். டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. அரண்மனை நடுவில் கிழிந்து இரண்டாகப் போனது.

மருதமுத்து கையில் இருந்த முனையை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அப்ப இந்த ஒட்டு நீ கேட்டு வாங்கினதா?" என்று மருதமுத்து கருணாகரனைக் கேட்டார்.

"நீங்க ஓட்டை கேக்கலியா?"

"நீர் கேட்டனீரோ?" என்று பொன்னுதுரை மருதமுத்துவைப் பார்த்தார்.

"மந்திரியாரே, கறை என்ன தானா வந்துச்சா?" என்று மருதமுத்து திருப்பிக் கேட்டார்.

மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருடைய பார்வையும் ராஜரத்தினத்திடம் வந்து, உடனே தரைக்கு இறங்கியது. இத்தனை நாள் ஒரே தட்டில் குவே எடுத்துத் தின்றவர்கள், ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். மருதமுத்து குடையை மறந்து விட்டுவிட்டுப் போனார். மழை பெய்தும் அதை எடுக்கத் திரும்பி வரவில்லை.

அந்த வாரம் முழுதும் ராஜரத்தினத்துக்கு வேலை ஓடவில்லை. அலுவலகத்தில் ஓர் ஓடையைத் தவறான தோட்டத்துக்குள் திருப்பிவிட்டு, அழித்துத் திரும்ப வரைந்தார். சிநேகிதம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். ஏமாந்தோம் என்ற கோபம் ஒரு பக்கம். அப்படிக் கோபப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது.

மூன்று பேரும் ஏமாற்றினார்கள், சரி. ஆனாலும் ஜெயித்தது யார்?

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓட்டையும் கறையும் ஒட்டும் சேர்ந்து எதிர்த்தும் இளவரசர் அல்லவா வாராவாரம் அரண்மனைக்குள் போனார்? மூன்று களவாணிகளைத் தனியாளாக ஜெயித்திருக்கிறார். புதுத் துணியில் ஏன் தோற்றார் என்பது கொஞ்சம் இடித்தது. அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. களவாக ஆடுகிறவனுக்குக் கவனம் களவில் இருக்கும், ஆட்டத்தில் இருக்காது. களவு போனதும் ஒழுங்காக ஆடத் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் அவர்கள் நன்றாக ஆடுவதே அவரால்தான்.

கோபம் இறங்கிவிட்டது. பெரிய மனசோடு மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. நாடு சுதந்திரமாகப் போகிற நேரத்தில் பழைய குற்றங்களைக் கிளறுவது அழகில்லை. என்ன பேசவேண்டும் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். கிழிந்த அரண்மனையைத் தன் கையாலேயே தைத்தார். தையல் கோணலாக வந்தது. பிரிக்காமல் விட்டுவிட்டார்.

சனிக்கிழமை அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வாசகசாலைக்கு வந்தார். மற்றவர்கள் வருவார்களா என்பதே சந்தேகம். மீனாச்சி வாசலில் வாழையிலையைத் துடைத்து, தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்றைக்கு ஆட்டம் உண்டா, அபாங்?" என்று மலாயில் அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"தெரியவில்லை மீனாச்சி." ராஜரத்தினமும் மலாயிலேயே பதில் சொன்னார். யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. "உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், வெளியே சொல்லாதே. அந்த மூன்று பேரும் ஆட்டத்தில் ஏமாற்றுகிறவர்கள்."

மீனாச்சி ஆச்சரியப்படவில்லை. "தெரியுமே," என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"இந்த வாசலில் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். டிரசர் குனிந்து பார்க்கிற சாக்கில் சுண்டுவிரலால் சோழியைத் திருப்புவார். கிளார்க் கறையைக் காட்டி வாய்க்கு வந்ததைச் சொல்வார். தையற்காரர் காயை உள்ளே விட்டு வேறு இடத்தில் எடுப்பார். ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது."

"பார்த்தாயா?" என்றார் ராஜரத்தினம். சாட்சி கிடைத்த திருப்தியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவும் செய்தும் என்னை ஜெயிக்க முடிந்ததா, சொல்."

மீனாச்சி கையில் இருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் முதல்முதலில் இங்கே வந்தது ஞாபகம் இருக்கிறதா, அபாங்?"

"சயாமிலிருந்து வந்த வருஷம்."

"ஜப்பான்காரனுக்கு ரயில்பாதை போடப் போய், கூடப் போனவர்கள் யாரும் உயிரோடு இல்லாமல் நீங்கள் மட்டும் வந்தீர்கள். உள்ளே அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பேச்சே கிடையாது. நான் சும்மா கொடுத்த குவேயைக்கூடத் தொடமாட்டீர்கள். டிரசர்தான் கையைப் பிடித்து இழுத்து ஆட்டத்தில் உட்காரவைத்தார். அன்றைக்கு எப்படியோ ஜெயித்துவிட்டீர்கள்."

"அன்றைக்கு நன்றாகத்தான் ஆடினேன்," என்றார் ராஜரத்தினம்.

"அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தீர்கள். சத்தமாகச் சிரித்தீர்கள். அப்புறம் வெளியே வந்து என்னிடம் குவே கேட்டு வாங்கித் தின்றீர்கள். அந்த மூன்று பேரும் உள்ளேயிருந்து நீங்கள் தின்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்."

"சரி, அதற்கும் இவர்கள் ஏமாற்றியதற்கும் என்ன சம்பந்தம்?"

சாலை முனையில் மருதமுத்து தெரிந்தார். கொஞ்சம் பின்னால் பொன்னுதுரை. எதிர்ப் பக்கத்திலிருந்து கருணாகரன். ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் மூன்று பேரும் தனித்தனியாக வந்துகொண்டிருந்தார்கள். மீனாச்சி அவர்களைப் பார்த்தாள். அவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அபாங், ஜெயிப்பதற்காக ஏமாற்றினார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? மூன்று பேரும் உங்களிடம் தோற்பதற்கு அல்லவா இத்தனை வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள்."